அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, ஐரோப்பாவில் இரண்டு மடங்கு: உண்மையில் யாருக்குச் செலவு அதிகம்?

அடுத்த கேள்வி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டல்லாஸிலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். "நான் இங்கே ஒரு கேலன் பெட்ரோல், அதாவது சுமார் 3.8 லிட்டர், மூன்றே கால் டாலருக்குப் போடுகிறேன். ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை ஒரு லிட்டருக்கே ஒன்றே முக்கால் யூரோ கொடுக்கிறாள். கணக்குப் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? அடுத்த கோடையில் குடும்பத்தோடு போய் அங்கே வாடகைக் கார் எடுக்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் விலையைப் பார்த்துவிடுவோம். கச்சா எண்ணெய் இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே சந்தை விலைதான். பெரிய வித்தியாசம் வரியில் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசு கேலனுக்கு வாங்குவது 18.4 சென்ட். இது 1993-இல் வைத்த தொகை. அதற்கப்புறம் விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இதை மட்டும் ஏற்ற எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வரவில்லை. டெக்சாஸ் மாநில வரி இன்னொரு 20 சென்ட். இரண்டையும் கூட்டினாலும் ஒரு கேலனுக்கு 40 சென்ட்டைத் தொடவில்லை. ஜெர்மனியில் எரிபொருள் வரி மட்டுமே லிட்டருக்கு 65 யூரோ சென்ட்டுக்கு மேல். எரிபொருள் வெளிவிடும் கரியமில வாயுவுக்காக வாங்கும் கார்பன் கட்டணம் தனி. இவ்வளவையும் சேர்த்த தொகையின் மேல் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி, அதாவது வரிக்கும் வரி. உங்கள் தங்கை கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்குத்தான் போகிறது.

சரி, கட்டுப்படியாவது எப்படி? ஒரு சுமாரான கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். 2,000 லிட்டர். உங்கள் ஊர் விலையில் கிட்டத்தட்ட 1,700 டாலர். தங்கை 12,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார், சின்ன வண்டி, லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்றால் 960 லிட்டர் சொச்சம். அதற்கு 1,700 யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. பார்த்தீர்களா? டாலருக்கும் யூரோவுக்கும் உள்ள வித்தியாசத்தை விட்டுவிட்டால் இரண்டு பேர் பர்ஸிலிருந்தும் போவது ஏறக்குறைய ஒரே தொகை. பங்கில் எழுதியிருக்கும் விலையை வைத்து யார் பாவம் என்று முடிவுகட்ட முடியாது.

உடனே "ஐரோப்பியர்கள் சிக்கனக்காரர்கள், அமெரிக்கர்கள் ஊதாரிகள்" என்று குணத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டல்லாஸின் புறநகரில் பால் வாங்கவும் காரை எடுக்க வேண்டும். வீடு ஒரு மண்டலம், கடை ஒரு மண்டலம் என்று சட்டம் போட்டுப் பிரித்துவைத்த ஊர்கள்தான் அங்கே அதிகம். 1956-இல் நாடு முழுக்க நெடுஞ்சாலைகள் போடச் சட்டம் வந்தபின் ஊர்கள் இன்னும் விரிந்தன. ஜெர்மனியின் நகரங்களில் ரொட்டிக் கடை நடக்கிற தூரத்தில், டிராம் வாசலுக்குப் பக்கத்தில். அதே ஐரோப்பாவில் பிரான்சின் கிராமப்புறங்களுக்குப் போய்ப் பாருங்கள், அங்கேயும் கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது. 2018 நவம்பரில் மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்ததே எரிபொருள் வரி உயர்வை எதிர்த்துத்தான்.

பெட்ரோல் தட்டுப்பாடு வந்தால் அமெரிக்கர்களும் பழக்கத்தை மாற்றியிருக்கிறார்கள். 1973-இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்க மறுத்த எண்ணெய்த் தடைக்குப் பிறகு நாடு முழுக்க வேக உச்சவரம்பு மணிக்கு 55 மைல் ஆனது, 1995 வரை அந்தச் சட்டம் இருந்தது. நீங்கள் டல்லாஸில் சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்புகிறீர்களே, அது நாடெங்கும் பரவியதும் அந்த எழுபதுகளில்தான். சும்மா நின்று பெட்ரோல் எரிய வேண்டாம் என்று 1975-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களை அதற்குத் தள்ளியது. ஜெர்மனியில் பொதுவாக அப்படித் திரும்பக் கூடாது. பச்சை அம்புப் பலகை வைத்த இடங்களில் மட்டுமே அனுமதி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பியர்கள் காசு மிச்சம் பிடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டுமானால் லக்சம்பர்க் எல்லையில் உள்ள வாசர்பில்லிக் என்ற சின்ன ஊருக்குப் போகலாம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஜெர்மனி. லக்சம்பர்க்கில் வரி குறைவு என்பதால் தெருவில் வரிசையாகப் பெட்ரோல் பங்குகள், நிற்பதெல்லாம் ஜெர்மன் நம்பர் பிளேட். டேங்க்கை நிரப்பி, டிக்கியில் ஒரு கேனையும் நிரப்பி, கையோடு காப்பித்தூளும் சிகரெட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

வாடகைக் காருக்கு வருவோம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேளுங்கள். சும்மா விட்டால் கியர் வண்டி வந்து நிற்கும். டீசல் கார் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது இங்கேதான். அமெரிக்காவில் பச்சைக் கைப்பிடி என்றால் பெரும்பாலும் டீசல். ஐரோப்பாவில் பச்சை பொதுவாகப் பெட்ரோல், கறுப்புதான் டீசல். பழக்கதோஷத்தில் பச்சையை எடுத்து டீசல் வண்டியில் பெட்ரோலை ஊற்றினால் பம்பும் இன்ஜெக்டரும் காலி. வாடகைக் காப்பீடும் பெரும்பாலும் கைகொடுக்காது. நிறத்தை நம்பாதீர்கள். டேங்க் மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்று இருந்தால் டீசல். பங்கிலும் அதே குறிதான். தப்பாகப் போட்டுவிட்டது தெரிந்தால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு வாடகைக் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.