பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாங்களா, பள்ளி பிள்ளையைத் தேர்ந்தெடுத்துச்சா? சிலி நாட்டு வவுச்சர் கதை

[காட்சி: சிலி வரைபடம்]

"அரசுப் பள்ளிக்குச் செலவழிக்கிற பணத்தை எங்க பிள்ளை பேர்ல கொடுங்க. நல்ல பள்ளியா நாங்களே பார்த்துச் சேர்த்துக்கறோம்." வவுச்சர், அதாவது படிப்புச் செலவுக்கான அரசுச் சீட்டு, கேட்கிறவங்க சொல்றது இதுதான். கேட்க நியாயமாத்தான் இருக்கு. பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-லயே இதை எழுதிட்டார். 1981-ல சிலியில, பினோசேயோட ராணுவ ஆட்சி நாடு முழுக்கக் கொண்டுவந்துச்சு.

பெற்றோர் கையில சீட்டு எதுவும் வராது. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகுதோ, அந்தப் பள்ளிக்கு வருகைப் பதிவைப் பார்த்து, தலைக்கு இவ்வளவுன்னு அரசு பணம் கட்டும். நகராட்சி நடத்துற அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் ஒரே கணக்கு. தனியார் லாபமும் எடுக்கலாம்.

[காட்சி: பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள்]

சிக்கல் இங்கதான். எந்தப் பிள்ளைக்கும் தொகை ஒண்ணுதான்னா, வீட்டுலயே சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற பிள்ளையைச் சேர்த்தா பள்ளிக்குச் சிரமம் குறைவு. அதனால நுழைவுத் தேர்வு வெச்சாங்க. பெற்றோருக்கு நேர்காணல் வெச்சாங்க. 1993-க்குப் பிறகு, அரசுப் பணம் வாங்குற தனியார் பள்ளிகள் மேற்கொண்டு கட்டணமும் வாங்கலாம்னு ஆச்சு. கட்ட முடிஞ்சவங்க ஒரு பக்கம், முடியாதவங்க ஒரு பக்கம்னு பிள்ளைங்க பிரிஞ்சு போனாங்க. ஆரம்பத்துல பத்துல எட்டுப் பேர் அரசுப் பள்ளியில படிச்சாங்க; 2010-களில் அது நாலு பேருக்கும் கீழ போயிடுச்சு.

2006-ல பள்ளிப் பிள்ளைங்களே தெருவுக்கு வந்தாங்க. கருநீலமும் வெள்ளையுமான சீருடையால அதுக்குப் பெங்குவின் போராட்டம்னே பேர். 2008-ல ஏழைப் பிள்ளைக்குத் தொகையை உயர்த்துனாங்க. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைங்க மதிப்பெண் ஏறினதா ஆய்வுகள் சொல்லுது. அதனால வவுச்சரே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பிள்ளையை வடிகட்டுற அதிகாரத்தைப் பள்ளிக்குக் கொடுத்ததுதான் தப்பு. முதல் நாளே அதைத் தடுத்திருக்கணும்.

தடுக்க 2015 ஆச்சு. அதிபர் மிச்செல் பாச்லெட் காலத்துச் சட்டம் நுழைவுத் தேர்வு, கூடுதல் கட்டணம், லாபம் மூணையும் படிப்படியா நிறுத்தச் சொல்லுச்சு. இப்ப பெற்றோர் விரும்புற பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுப்பாங்க. இடம் பத்தலைன்னா, அக்கா அண்ணன் ஏற்கெனவே படிக்கிற பிள்ளை மாதிரி சிலருக்கு முன்னுரிமை, மத்தவங்களுக்குக் கணினிக் குலுக்கல்.

[காட்சி: குலுக்கல் பெட்டி]

நம்ம ஊர்லயும் கல்வி உரிமைச் சட்டத்துல குலுக்கல் இருக்கு. ஆனா அது தனியார் பள்ளியில, நுழைவு வகுப்போட 25 சதவீத இடத்துக்குத்தான்.