உடைந்தாலும் ஆயிரம் பொன்

(இசை ரசிகர் மன்ற ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் தவிலால் இந்த அரங்கையே அதிரவைத்துவிட்டு இறங்கிய வித்வான் அண்ணன் அவர்களே, காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்க்கும் மைக் செட்டுத் தம்பிகளே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் ஐயாவைத் தனியாக வணங்க வேண்டும். அவரிடம் இயற்பியல் படித்தவன் நான். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று அவர் கரும்பலகையில் வரைந்து காட்டியதால்தான் இன்று ஒரு எலக்ட்ரிக் கிதாரைப் பற்றி உங்கள் முன் பேச முடிகிறது.

மரம், சுருள், பூச்சு என மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், கலமசூ என்கிற ஊர். அங்கேதான் கிப்சன் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1952ல் லெஸ் பால் என்ற கலைஞரின் பெயரில் ஒரு கிதாரை வெளியிட்டார்கள். முதலில் பொன்னிற மேல்பூச்சு. 1958ல் அதை மாற்றி, செர்ரிச் சிவப்பு ஓரத்திலிருந்து நடுவில் மஞ்சளாகக் கரைகிற பூச்சைப் போட்டார்கள். விற்பனை சரியாக இல்லை. 1960ல் நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டு வடிவத்தையே மாற்றினார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தச் சிவப்புப் பூச்சில் செய்தவை இரண்டாயிரத்துக்கும் குறைவு. இன்றைக்கு அதில் நல்லதாக ஒன்று வேண்டுமென்றால் சில லட்சம் டாலர் எடுத்துவைக்க வேண்டும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை இறந்த பிறகுதான் பொன்னே ஏறியது. 1966ல் இங்கிலாந்துக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் இதை ஆம்ப்ளிஃபயரில் அலறவிட்டுப் பதிவு செய்த பிறகு, கைவிட்ட கிதாரை உலகமே தேட ஆரம்பித்தது.

அதன் உடம்பு மஹாகனி. மேலே இரண்டு துண்டு மேப்பிள். ஒரே பலகையைப் புத்தகம்போல் பிளந்து விரித்து ஒட்டியிருப்பார்கள். கழுத்தும் மஹாகனி, விரல் பலகை பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அந்த மரத்தின் வணிகத்துக்கு 1992ல் உலக அளவில் தடை வந்துவிட்டது. அதன் இடத்தைப் பெருமளவு பிடித்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்.

கழுத்தை உடம்போடு சேர்த்தது திருகாணி இல்லை, பசை. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. நம் ஆசாரிமார் வச்சிரம் என்பார்களே, அதே சரக்குதான். சூடு காட்டினால் இளகும், பிரித்துப் பழுது பார்க்கலாம். தலைப்பகுதி பதினேழு டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். அந்த வளைவில் மர ரேகை குறுக்கே ஓடுவதால், கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அந்த இடம்.

இதைச் சொல்லும்போது என் சித்தப்பா ஞாபகம் வருகிறது. மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தவர். நான் எட்டாவது படிக்கும்போது, கச்சேரி முடிந்து வருகையில் வேனிலிருந்து கிதார் விழுந்து தலை முறிந்துவிட்டது. டவுனில் ஒரு கடைக்காரர் "இனி விறகுதான்" என்றார். சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. எங்கள் தெருக்கோடியில் கதவு, நிலை செய்கிற ஆசாரித் தாத்தா ஒருவர் இருந்தார். கிதாரை அதுவரை கையில் தொட்டதே இல்லை. முறிவை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, "ரேகை குறுக்கே ஓடுது தம்பி, அதான்" என்றார். தண்ணீர் கொதிக்கிற டின்னுக்குள் இன்னொரு டின் வைத்து வச்சிரம் காய்ச்சினார். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மெல்லிய சிம்பால் பசையை விரிசலுக்குள் இறக்கி, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றினார். "ரெண்டு நாள் தொடாதே." மூன்றாம் நாள் சித்தப்பா கம்பி ஏற்றும்போது கண்ணை மூடிக்கொண்டார். ஒடியவில்லை! கூலி எவ்வளவு என்றதற்குத் தாத்தா ஐந்து ரூபாயும் ஒரு பாட்டும் கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பா வாசித்தார், தெருவே கூடியது. அதற்கப்புறம் பத்து வருஷம் அந்தக் கிதார் மேடை ஏறியது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். உடைந்தாலும் அப்படித்தான்.

சரி, சுருளுக்கு வருவோம். கம்பியின் அதிர்வைக் காந்தமும் சுருளும் வைத்து மின்சாரமாக்குகிற பாகத்துக்குப் பிக்கப் என்று பெயர். ஒற்றைச் சுருள் பிக்கப், கரண்டு லைனின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். சேத் லவர் என்கிற பொறியாளர் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றிவைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் நாதம் மட்டும் கூடி வரும். 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை கிதாருக்குக் கிதார் வேறுபடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல்.

பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் என்கிற ஒரு வகை வார்னிஷ். மெல்லியது, வயதாக ஆக முடிபோல வெடிப்பு விடும். சிவப்பு வெயிலில் வெளுத்துத் தேன் நிறமாகும். அதைச் சுரண்டிப் புதுப் பூச்சு அடித்தால் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்துவிடும். சித்தப்பா காலமான பிறகு அவர் கிதாரை ஒரு பாலிஷ் கடையில் கொடுத்தோம். "பளபளன்னு ஆக்கித் தர்றேன்" என்று எல்லாவற்றையும் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வியர்வை பட்டுத் தேய்ந்த இடம், அவர் முழங்கை உரசிய தடம், எல்லாம் போச்சு. அந்தக் கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை, அதுதான் என் வருத்தம்.

அதனால்தான் போகிற ஊரெல்லாம் ஒன்றையே கேட்கிறேன். அரசு ஐடிஐகளில் இசைக்கருவி பழுதுபார்ப்புக்கு ஒரு பிரிவு வேண்டும். 1984ல் கிப்சன் கலமசூவை விட்டுப் போனது. ஊரைவிட்டுப் போக மனமில்லாத பழைய தொழிலாளர்கள் சிலர் அடுத்த ஆண்டே அதே கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் கிதார் செய்ய ஆரம்பித்தார்கள். கம்பெனி போனது, கைவேலை போகவில்லை. இங்கே? வீணை, ஆர்மோனியம், கிதார் எது ரிப்பேர் ஆனாலும் பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போகிறோம். ஆசாரித் தாத்தாவின் பேரன்கள் இன்று செல்போன் கடையில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் விரலில் அந்த வித்தை இன்னும் இருக்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை, ஒரு வாத்தியார், ஒரு சான்றிதழ் வேண்டும்.

நகர்மன்ற உறுப்பினர் அம்மா மனுவை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. தாள் வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.