ஷாங்காய் பன்றியும் கடைசி மருந்தும்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் கறியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பற்றிப் பேசினோம் இல்லையா, அதற்கு அப்புறம் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: கறியை நன்றாக வேகவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், பிறகு எதற்குப் பயம்? செத்துவிடும், சந்தேகமே வேண்டாம். ஆனால் இன்றைக்கு நம்ம ஆள் பாக்டீரியா இல்லை. அதற்குள் உட்கார்ந்திருக்கிற ஒரு மரபணு. பெயர் எம்சிஆர்-1.

2013 ஜூலையில் சீனாவின் ஷாங்காயில், பண்ணைப் பன்றி ஒன்றிடமிருந்து எடுத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்குச் சாகவில்லை. கோலிஸ்டின் பழைய மருந்து, 1950 வாக்கில் ஜப்பானில் கண்டுபிடித்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970களில் டாக்டர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். பிற்பாடு மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலிக்காமல் போனபோது, ஐசியுவில் கடைசி மருந்தாக அதையே தூசி தட்டி எடுத்தார்கள். பண்ணையிலோ அதைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். பன்றிக்கு நோய் என்பதற்காக மட்டுமல்ல, சீக்கிரம் எடை ஏறட்டும் என்றும்தான். எனக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம் இது.

கோலிஸ்டினுக்கு மசியாத பாக்டீரியா முன்பும் உண்டு. ஆனால் அந்தக் குணம் அதன் குரோமோசோமில், அதாவது அதன் முதன்மை டிஎன்ஏவில், இருந்ததால், அதன் வாரிசுகளுக்கு மட்டும்தான் போகும். குவாங்சௌ, பெய்ஜிங் விவசாயப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் வெளியிட்டதுதான் எல்லோரையும் உலுக்கியது: கோலிஸ்டினைத் தாங்கவைக்கும் இந்த எம்சிஆர்-1 மரபணு இருப்பது பிளாஸ்மிட்டில்!

பிளாஸ்மிட் என்பது குரோமோசோமில் சேராமல் தனியாக வட்டமாக இருக்கும் சின்ன டிஎன்ஏ. அதை வைத்திருக்கும் பாக்டீரியா ஒரு மெல்லிய இழையை நீட்டி, பக்கத்தில் இருப்பதைப் பிடித்து இழுத்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்மிட்டின் இரண்டு இழைகளில் ஒன்று அந்தப் பக்கம் போகும். பிறகு இரண்டும் தங்களிடம் உள்ள ஒற்றை இழைக்கு ஜோடியைச் செய்துகொள்ளும். ஜெராக்ஸ் கடை கணக்குதான்: நகல் போகும், அசல் வீட்டிலேயே இருக்கும். வாங்குகிறவர் சொந்தக்காரராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, ஈ.கோலையிலிருந்து கிளெப்சியெல்லா என்ற வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் போகும்.

இதை லேபில் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. கோலிஸ்டினைத் தாங்கும் பாக்டீரியா ஒன்று, வேறொரு மருந்தைத் தாங்கும் பாக்டீரியா ஒன்று, இரண்டையும் கலந்து விடுவோம். பிறகு இரண்டு மருந்தும் போட்ட தட்டில் பரப்புவோம். நியாயமாகப் பார்த்தால் எதுவும் வளரக்கூடாது. மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்! சீனக் குழுவின் சோதனையில், ஏற்கும் பாக்டீரியாக்களில் ஆயிரத்துக்கு ஒன்று முதல் பத்துக்கு ஒன்று வரை பிளாஸ்மிட்டை வாங்கிக்கொண்டன. பத்துக்கு ஒன்று என்பது ரொம்ப அதிகம், மக்களே.

மரபணு செய்கிற வேலை சின்னதுதான். கோலிஸ்டினுக்கு நேர்மின்னூட்டம், பாக்டீரியாவின் வெளிச்சவ்வுக்கு எதிர்மின்னூட்டம். அந்த ஈர்ப்பில்தான் மருந்து போய் ஒட்டுகிறது. எம்சிஆர்-1 உருவாக்கும் நொதி, சவ்வில் ஒரு சின்ன மூலக்கூறைச் சேர்த்து அந்த எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடும். மருந்துக்குப் பிடி கிடைக்காது.

எம்சிஆர்-1 உள்ள ஈ.கோலை எத்தனை இடத்தில் கிடைத்தது என்று 2011 முதல் 2014 வரை அந்தச் சீனக் குழு எடுத்த கணக்கைப் பாருங்கள். 804 விலங்குகளில் 166. 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78. 1,322 நோயாளிகளில் வெறும் 16. எங்கிருந்து எங்கே போகிறது என்று நான் தனியாகச் சொல்லவேண்டுமா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். குழம்பில் கொதித்த கோழியால் பிரச்சினை இல்லை. கோழி வெட்டிய பலகையில், அதே கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்குகிறோமே, அங்கேதான். பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கிற தண்ணீரும் அப்படித்தான். வயிற்றுக்குள் போகும் அந்த ஈ.கோலை சாதுவாக இருக்கலாம், பேதிகூட வராது. குடலில் கொஞ்ச நாள் தங்கி, பிளாஸ்மிட்டைப் பக்கத்து வீட்டுப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். வாங்கிக்கொண்டது என்றைக்கோ ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்குள் நுழைந்தால்தான் விஷயம் வெளியே வரும்.

சீனக் கட்டுரை வந்த அடுத்த மாதமே டென்மார்க்கில் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். ஒரு நோயாளியிடமும் இறக்குமதிக் கோழி இறைச்சியிலும் இதே மரபணு. சீனாவிலேயே 1980களில் கோழிகளிடமிருந்து எடுத்துவைத்த ஈ.கோலையிலும் இருந்தது. தேடாததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2017 ஏப்ரல் இறுதியில், எடை ஏற்றத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதைச் சீனா நிறுத்தியது. பன்றிகளிடம் கோலிஸ்டினைத் தாங்கும் ஈ.கோலை 2015-16இல் 34 சதவீதம். 2017-18இல் 5 சதவீதம். இவ்வளவு வேகமாக இறங்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மருந்து இல்லாத இடத்தில் அந்தப் பிளாஸ்மிட் பாக்டீரியாவுக்குச் சுமைதான் போல. இந்தியாவும் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடைசெய்தது.

எம்சிஆர் மரபணுக்களின் குடும்பம் எம்சிஆர்-10 வரை நீண்டிருக்கிறது. அதில் மூன்றாவதற்குத் தண்ணீரில் வாழும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவோடு நெருங்கிய உறவு உண்டு. அடுத்த வீடியோவில் அதைப் பிடித்துக்கொண்டு மீன் பண்ணைக்குப் போகலாம்.