முதலில் ஊர், அப்புறம்தான் மையம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பிரான்சின் ழான்-லூயி போர்லோவை வலான்சியென் நகர மேயர் நாற்காலியிலிருந்து பாரிஸில் மந்திரி நாற்காலிக்கு ஏற்றியது அவருடைய ஊரா, அவருடைய நடுப்பாதை அரசியலா? இதுதான் தலைப்பு. நான் ஊர்ப் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் மிக அழகாகச் சொன்னார். போர்லோ இடதிலும் சேரவில்லை, வலதிலும் சேரவில்லை, நடுவில் நின்றார், அதனால் இரண்டு பக்கக் கதவும் அவருக்குத் திறந்தது என்றார். கைதட்டலும் வாங்கினார். நடுவர் அவர்களே, நீங்களும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த இடத்தைப் புகழ்ந்ததும் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். ஆனால் உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நடுவில் இருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இடிதான். கதவு திறந்தது என்றால் வேறு யாரோ தட்டியிருக்கிறார்கள்.

யார் தட்டியது? காலண்டரைப் பாருங்கள். 1989 மார்ச்சில் நகராட்சித் தேர்தல். எந்தக் கட்சியின் பெயரும் இல்லாத ஒரு பட்டியலோடு நின்று போர்லோ வலான்சியெனைப் பிடித்தார். அதே வருடம் ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். முன்னாள் மந்திரி சிமோன் வேய் தலைமையில் ஒரு மையப் பட்டியல், அதாவது நடுப்பாதைக்காரர்களின் பட்டியல், போட்டியிட்டது; அதில் போர்லோ இடம்பெற்று உறுப்பினர் ஆனார். மார்ச் முன்னால், ஜூன் பின்னால். ஊர் அவரை மேயராக்கிய பிறகுதான் மையம் அவரைத் தேடி வந்தது. மூன்று மாத வித்தியாசம்தானே என்று எதிரணி சிரிக்கலாம். குழந்தை பிறந்த பிறகுதான் பெயர் சூட்டுகிறோம். பெயர் வைத்தவர் வந்து நான்தான் பெற்றேன் என்று சொன்னால் தாய் சும்மா இருப்பாளா?

கட்சி இல்லாத பட்டியலே நடுப்பாதைதானே என்று அடுத்து வரும் நண்பர் கேட்பார். எனக்குத் தெரியும், குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். கட்சியே வேண்டாம் என்பது வேறு, நடுக்கட்சி வேண்டும் என்பது வேறு. அன்றைய வலான்சியென்காரருக்கு எந்தக் கட்சி மேலும் கோபம்தான். ஏன் என்று சொல்கிறேன்.

அது நிலக்கரியும் எஃகும் வளர்த்த வட்டாரம். பக்கத்து ஊர் தெனான். அங்கே உசினோர் எஃகு ஆலையை மூடும் அறிவிப்பு 1978 டிசம்பரில் வந்தது. சுமார் 5,000 பேரின் வேலை. அப்புறம் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. வடக்குப் பிரான்சின் கடைசி நிலக்கரி 1990 டிசம்பரில் வெளியே வந்தது. ஆலை மூடும்போது வலதுசாரி ஆட்சி, அதன் பிறகு இடதுசாரி ஆட்சி. வேலை இரண்டிலும் திரும்பி வரவில்லை. அப்படிப்பட்ட ஊரில் போய் நான் மையவாதி என்று சொன்னால் யார் காதில் விழும்?

போர்லோவோ உள்ளூர்க்காரரே இல்லை. 1951-இல் பாரிஸில் பிறந்தவர். நொடித்துப்போன நிறுவனங்களின் வழக்குகளைப் பார்த்த வக்கீல். தொழிலதிபர் பெர்னார் தப்பியும் அவருடைய கட்சிக்காரர்தான். அரசியல் கட்சிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், வழக்குக்குக் கட்சிக்காரர். வலான்சியெனுக்குள் போர்லோ நுழைந்த வாசல், தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கால்பந்து கிளப். 1986-இல் அதன் தலைவர் பொறுப்பை ஏற்றார். எதிரணியில் ஒருவர் 1993-இன் லஞ்ச விவகாரத்தை, அதாவது மார்செய் கால்பந்து கிளப் தரப்பு வலான்சியென் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததை, இங்கே இழுத்தார். அப்போது போர்லோ கிளப் தலைவரே இல்லை. அந்தப் பந்து மைதானத்துக்கு வெளியே போய்விட்டது, விடுங்கள்.

மேயராக அவர் என்ன செய்தார்? இங்கே நான் நேர்மையாகப் பேச வேண்டும். டொயோட்டா கார் ஆலையை அவர் ஒருவரே கையைப் பிடித்து அழைத்து வந்தார் என்று சொல்ல மாட்டேன். அந்த வட்டாரத்தின் நிலைமை அவ்வளவு மோசமாக இருந்ததால், பின்தங்கிய பகுதிகளுக்கான ஐரோப்பிய நிதி 1994 முதல் 1999 வரை அங்கே வந்தது. பிரான்சின் பெருநிலத்தில் அந்த நிதி போவது அரிது. மாநில அளவிலும் பலர் உழைத்தார்கள். ஆனாலும் 1997 டிசம்பரில் டொயோட்டா தேர்ந்தெடுத்தது வலான்சியெனை ஒட்டிய ஒனான் என்ற ஊரைத்தான். ஓணான் இல்லை, ஒனான். 2001 ஜனவரியில் யாரிஸ் கார் அங்கே உருளத் தொடங்கியது. அதே வருடம் நகராட்சித் தேர்தல், போர்லோ மறுபடியும் மேயர். நிதி எல்லோருக்கும்தான் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாரிஸுக்கும் கம்பெனிக்கும் நடையாக நடக்க ஒரு மேயர் வேண்டியிருந்தது.

இப்போது 2002. எதிரணியின் பெரிய வெடி இதுதான். ஏப்ரல் 21 அன்று ஜனாதிபதித் தேர்தலில் தீவிர வலதுசாரி லெ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார், நாடு அதிர்ந்தது, ஜனாதிபதி சிராக்குக்கு மையத்தின் துணை தேவைப்பட்டது, அதனால் பிரதமர் ரஃபரானின் அமைச்சரவையில் போர்லோவுக்கு இடம் கிடைத்தது என்கிறார்கள். சரி. அப்படியென்றால் மையத்தின் தலைவர் எங்கே போனார்? அந்தத் தேர்தலில் மையத்தின் வேட்பாளர் பிரான்சுவா பைரூ, 6.84 சதவீதம் வாங்கியவர். போர்லோ அவருடைய பிரசாரத்தில் பேச்சாளர். வேட்பாளர் வெளியே நிற்கிறார், பேச்சாளர் உள்ளே போகிறார்! பைரூ சிராக் தரப்பின் புதிய பெரிய கட்சியில் கரைய மறுத்தார், அதனால்தான் என்பீர்கள். அதுவும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அமைச்சரவைக்குள் போன இன்னொரு மையவாதி யார்? ழில் த ரோபியன். அமியான் நகர மேயர். அவரும் 1989-இல் மேயரானவர்! இரண்டு மேயர்கள் உள்ளே. மேயராக இல்லாத மையத் தலைவர் வெளியே. பைரூவுக்குப் பின்னாளில் போ என்ற நகரில் மேயர் பதவி கிடைத்தது 2014-இல். பிரதமர் பதவி கிடைத்தது 2024 டிசம்பரில். நான் எதுவும் சொல்லவில்லை, நடுவர் அவர்களே, வருடங்களைத்தான் சொன்னேன்.

போர்லோவுக்குக் கிடைத்த துறையையும் பாருங்கள். நகரங்களும் நகர்ப்புறப் புதுப்பிப்பும். ஒரு மேயருடைய தலைவலியையே இலாகாவாகக் கொடுத்தார்கள். அவர் கொண்டுவந்த 2003 ஆகஸ்ட் 1 சட்டத்தைப் படித்தால் அதில் மேயர்தான் தெரிவார். பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்ட ஒரு மேயர் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும், எத்தனை கோப்பு, எத்தனை கையெழுத்து! ஏறி ஏறிக் கால் வலித்தவர் மந்திரியானதும் முதல் வேலையாக எல்லா நிதியையும் ஒரே கவுண்டருக்குக் கொண்டுவந்தார். தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்பு முகமை அப்படித்தான் பிறந்தது. அரசுப் பணம், முதலாளிகள் வீட்டுவசதிக்காகக் கட்டும் நிதி எல்லாம் ஒரே இடத்தில். திட்டத்தை மேயர் கொண்டுவரட்டும், முகமை பார்த்துப் பணம் கொடுக்கும். ஐந்து ஆண்டுகளில் 2 லட்சம் வீடுகளை இடிப்பது, 2 லட்சம் கட்டுவது, 2 லட்சம் சீரமைப்பது என்பது முதல் இலக்கு. அது குறித்த காலத்தில் முடியவில்லை, 2013 வரை நீட்டினார்கள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் சொல்லிக் கைதட்டல் வாங்க வேண்டாம்.

அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. கடனில் மூழ்கி மீளவே வழியில்லாத குடும்பம் நீதிமன்றத்தின் வழியாகக் கடன் தீர்ந்து புதிதாகத் தொடங்கலாம். ஜெர்மனி எல்லையோர அல்சாஸ்-மொசெல் பகுதியில் ஜெர்மானியர் காலத்திலிருந்து இருந்த வழக்கம் அது. நாடு முழுவதும் கொண்டுவந்தார். இதில் எங்கே இடது, எங்கே வலது, எங்கே நடு? கதவைத் தட்டும் கடன்காரனைப் பார்த்த ஒரு மேயரும், திவால் வழக்கு நடத்திய ஒரு வக்கீலும்தான் இதில் இருக்கிறார்கள்.

கிரெனெல் சுற்றுச்சூழல் மாநாட்டை எதிரணி கொண்டாடியது. 2007-இல் சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்த போர்லோ அரசு, உள்ளாட்சி, தொண்டு அமைப்புகள், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என ஐந்து தரப்பையும் உட்கார வைத்தார். முதல் சட்டம் 2008 அக்டோபரில் கீழவையில் 526-க்கு 4 என்று தேறியது. இதுதான் நடுப்பாதையின் வெற்றி என்றார்கள். நல்ல வாதம், எங்கள் அணியே ஒரு நிமிடம் யோசித்தது. ஆனால் ஆலைக்காரரையும் சங்கக்காரரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க அவர் எங்கே கற்றார்? எஃகு ஆலை மூடிய வட்டாரத்தில் 13 ஆண்டுகள் மேயராக இருந்தவருக்கு அது பழகிய மேசை.

கடைசியாக ஒன்று. நடுப்பாதைதான் ஏணி என்றால், ஊரை விட்டு நடுப்பாதையை மட்டும் பிடித்தபோது அவர் இன்னும் மேலே போயிருக்க வேண்டும். என்ன நடந்தது? 2010 நவம்பரில் பிரதமர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. பிரதமராக இருந்த ஃபியோனே நீடித்தார், போர்லோ வெளியேறினார். 2012 ஜனாதிபதித் தேர்தலில் மைய வேட்பாளர் ஆவார் என்று பேசினார்கள். 2011 அக்டோபரில் அவரே வேண்டாம் என்றார். 2012-இல் மையத்துக்கென்று ஒரு புதுக் கூட்டமைப்பைத் தொடங்கினார். 2014 ஏப்ரலில் உடல்நலம் காரணமாக அரசியலையே விட்டார். உடல்நலம் யார் கையிலும் இல்லை, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற இரண்டும்?

மணி அடித்துவிட்டீர்கள், இதோ முடிக்கிறேன். 2017 அக்டோபரில் பாரிஸுக்குத் தெற்கே கிரிஞ்யி என்ற ஊரில் புறநகர் மேயர்கள் திரண்டு அரசுக்குக் குரல் கொடுத்தார்கள். அன்றைக்கு போர்லோவிடம் கட்சி இல்லை, பதவி இல்லை. மையத்திலிருந்து வந்த மக்ரோன் ஜனாதிபதி மாளிகையில் இருந்தார். அவர் எந்த ஊருக்கும் மேயராக இருந்ததில்லை. அந்த மேயர்கள் தங்களோடு நிற்கச் சொல்லி அழைத்து வந்தது போர்லோவைத்தான். தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே.