மதில் கேட்டவர்கள் யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'அமெரிக்காவில் சமயப் பழமைவாதிகளின் அரசியல் செல்வாக்கு மக்களாட்சிக்குப் பலமா, பாதகமா?' என்பது தலைப்பு. பாதகமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி கேட்டார்: "தேவாலயத்துக்குப் போகிறவர் மனசாட்சியை வாசலில் கழற்றி வைத்துவிட்டா வாக்குச்சாவடிக்குள் போக வேண்டும்?" வேண்டாம் அம்மா. நம்பிக்கையோடே போகட்டும், நம்பிக்கையோடே வாக்களிக்கட்டும். என் வழக்கு அவர்மேல் இல்லை. அவருடைய நம்பிக்கையை மொத்தமாக வாரிக் கட்சிக்குக் கொடுத்து, கைம்மாறாகச் சட்டத்தை வாங்கி வருகிறார்களே, அவர்கள்மேல்.

1801-இல் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டுகள், அதாவது ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர், அதிபர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கே காங்கிரிகேஷனல் சபைதான் அரசுச் சபை. அதற்கு வரி கட்டாமலிருக்க, 'நான் வேறு சபைக்காரன்' என்று பாப்டிஸ்ட் ஒருவர் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். கும்பிடும் உரிமையைச் சலுகையாகக் கொடுக்கிறார்களே என்பதுதான் அந்தக் கடிதத்தின் வலி. 1802 ஜனவரி 1-ஆம் தேதி ஜெஃபர்சன் பதில் எழுதினார். சபைக்கும் அரசுக்கும் நடுவே 'பிரிக்கும் மதில்' என்ற சொல் அந்தப் பதிலில் இருக்கிறது. அதே நாளில் மாசசூசெட்ஸின் செஷயர் ஊரிலிருந்து 1,235 பவுண்டு எடையுள்ள ஒரு பாலாடைக்கட்டி அவருக்கு வந்து சேர்ந்தது. பனிக்காலத்தில் அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர். சமயச் சுதந்திரத்துக்காகப் போராடியவர். நடுவர் அவர்களே, மதிலைக் கேட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை, பக்தர்கள்!

அடுத்து, மார்ட்டின் லூதர் கிங்கும் போதகர்தானே என்றார்கள். ஆமாம், அந்தப் பெயரைச் சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அவர் கேட்டது என்ன? தம் சபைக் கோட்பாட்டைச் சட்டமாக்கச் சொன்னாரா? எல்லாருக்கும் உள்ள வாக்குரிமையை எங்களுக்கும் கொடு என்றார். 1965 மார்ச்சில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகச் செல்மா பேரணி நடந்த அதே நாள்களில், வர்ஜீனியாவில் ஜெரி ஃபால்வெல் என்ற போதகர் பிரசங்கம் செய்தார். போதகரின் வேலை ஆத்துமாக்களை மீட்பது, அரசியல் அல்ல என்று கண்டித்தார். 1979-இல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கியவரும் அவரேதான்.

இடையில் என்ன நடந்தது? கருக்கலைப்புதான் சமயப் பழமைவாதிகளை அரசியலுக்கு எழுப்பியது என்று எதிரணி சொல்கிறது. 1971-இல் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு என்ற பெரிய சபைக் கூட்டமைப்பு போட்ட தீர்மானத்தைப் படியுங்கள். பாலியல் வன்கொடுமை, கருவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்காகக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வேண்டும் என்கிறது அது. வேறொன்றுதான் முதலில் சுட்டது. இனப்பாகுபாடு காட்டிய தனியார் பள்ளிகளின் வரிவிலக்கில் அரசு கைவைத்தது. வெவ்வேறு இனத்து மாணவர்கள் காதலித்துப் பழகக்கூடாது என்று தடை போட்டிருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976-இல் வரிவிலக்கை இழந்தது. இந்த விவகாரம்தான் போதகர்களைத் திரட்டியது என்று, கூட இருந்து திரட்டிய பழமைவாத அமைப்பாளர் பால் வேய்ரிக்கே பின்னாளில் சொன்னார்.

அப்புறம் வாக்குத் திரட்டுவதற்கென்று ஒரு வழிமுறை வந்தது. 1990-களில் தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு தேவாலயம். ஆராதனை முடிந்து வருகிறவர் கையில் ஒரு தாள். கொடுத்தது 'கிறிஸ்டியன் கோயலிஷன்' என்ற சமயப் பழமைவாத அரசியல் அமைப்பு. இரண்டு வேட்பாளர்கள், நடுவில் வரிசையாகப் பிரச்சினைகள், ஒவ்வொன்றுக்கும் 'ஆதரிக்கிறார்', 'எதிர்க்கிறார்'. இவருக்கு ஓட்டுப் போடு என்று ஓரிடத்திலும் இருக்காது. ஏனென்றால் வரிவிலக்குப் பெற்ற சபை வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்று 1954 முதல் சட்டம் இருக்கிறது. சொல்லாமலே சொல்லிவிடும் தாள் அது. ஏழையின் கூலி, அந்நியனை வரவேற்பது, போர் என்று வேதம் பேசுகிற அத்தனையும் அந்தச் சில வரிகளுக்குள் அடங்குமா?

எனக்கு ஆற்றாமை இங்கேதான். சமயம் அரசியலைத் திருத்தும் என்றார்கள். 1998-இல், அதிபர் கிளின்டனின் தகாத உறவு விவகாரத்தின்போது, பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கு ஒழுக்கம் வேண்டும் என்று அதே தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு தீர்மானம் போட்டது. 2011-இல் பி.ஆர்.ஆர்.ஐ. என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒரு கேள்வி கேட்டது: சொந்த வாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா? வெள்ளை இன இவாஞ்சலிக்கல் மக்களில், அதாவது சமயப் பழமைவாதத்தின் முதுகெலும்பான நற்செய்திச் சபையினரில், முடியும் என்றவர்கள் 30 சதவீதம். ஐந்தே ஆண்டுகள், டிரம்ப் வேட்பாளர் ஆனார். அதே கேள்விக்கு 72 சதவீதம்! வேதத்தில் ஒரு வரியும் மாறவில்லை. வேட்பாளர்தான் மாறினார். யார் யாரைத் திருத்தியது, நடுவர் அவர்களே?

கடைசியாக, இந்தச் செல்வாக்கு மக்களின் குரல்தான் என்ற வாதம். கன்சாஸுக்கு வாருங்கள். 2020-இல் டிரம்பை ஜெயிக்கவைத்த மாநிலம். கருக்கலைப்பு உரிமை மாநில அரசமைப்பில் இல்லை என்று திருத்த, சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தது. கத்தோலிக்க மறைமாவட்டங்கள் லட்சக்கணக்கான டாலர் கொடுத்தன. பொது வாக்கெடுப்பைக்கூட நவம்பரில் வைக்கவில்லை. கூட்டம் குறைவாக வரும் ஆகஸ்ட் முதனிலைத் தேர்தலோடு வைத்தார்கள். 2022 ஆகஸ்ட் 2. கொளுத்தும் வெயிலில் வரிசையில் நின்று, சுமார் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். குடியரசுக் கட்சிக்காரர்கள் நிறைந்த அந்த மாநிலத்தில், அவர்களில் எத்தனையோ பேர் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்களாகத்தான் இருக்க முடியும். அவர்கள் பெயரைச் சொல்லித்தான் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்காகவும் சேர்த்தே வாதாடினேன். தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.