நிலாவா, குறிஞ்சியா, செண்பகமா, முல்லையா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண் குழந்தைக்கு இயற்கையைச் சார்ந்த பெயரைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேச வருமாறு நிலையத்தார் அழைத்தபோது, அதே பேச்சு எங்கள் வீட்டில் மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தது. என் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். மகள் நிலா என்கிறாள். மருமகன் குறிஞ்சி என்கிறார். சம்பந்தியம்மாள் தம் தாயாரின் பெயரான செண்பகத்தை விரும்புகிறார். நான் முல்லை என்றேன். நான்கில் எதையும் வேண்டாமென்று தள்ள மனம் வராததால்தான் பேச்சு அவ்வளவு நீண்டது.

மண்ணையும் மரத்தையும் பார்த்துப் பெயர் வைப்பது நம் மலேசியாவில் பழைய வழக்கம். மலாயில் சுங்கை சிப்புட் என்றாலே நத்தை ஆறு என்றுதான் பொருள். ஈப்போ ஒரு மரத்தின் பெயர். பினாங்கு என்பது பாக்கு மரத்தால் வந்தது. நம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலும் மல்லிகா, தாமரை, அல்லி என்று வீட்டுக்கு வீடு பூக்கள் இருந்தன. என் பாட்டியின் பெயர் பூங்காவனம்.

அந்த அழகான பெயரால் பாட்டி பட்ட பாட்டை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். பால்மரம் வெட்ட அவர் பெயர் பதிந்த நாளில் தோட்டத்து எழுத்தரான கிராணி தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் ஒரு விதமாக எழுதினார். அடையாளக் கார்டில் அது வேறு விதமாக ஏறியது. முதுமையில் சேமநிதிப் பணம் கேட்டுப் போனபோது கோப்பில் மூன்றாவது விதமாக இருந்தது. மூன்று பெயருக்கும் உரியவர் தாம் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்துகொடுக்க, எழுதப் படிக்கத் தெரியாத அவர் என் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஆகவே பெயர் என்றதும் அது தமிழில் எப்படி ஒலிக்கிறது என்பதோடு, ஆங்கில எழுத்தில் எப்படி நிற்கும், அதை மலாய் ஆசிரியரும் சீனத் தாதியும் எப்படி வாசிப்பார்கள் என்பதையும் நான் உடனே நினைத்துப் பார்ப்பேன்.

ழகரம் உள்ள பெயர்களுக்கு இந்தச் சோதனை கடினமானது. கயல்விழி, யாழினி, பூங்குழலி ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நாம் போடும் இசட்டைப் பார்த்து மற்றவர்கள் இசட்டாகவே வாசிப்பார்கள். அதற்காக ழகரத்தை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. அத்தகைய பெயரை விரும்புகிற பெற்றோர், பிள்ளைக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தன் பெயரைச் சரியாக ஒலிக்கவும், தவறாக அழைப்பவருக்குப் பணிவோடு திருத்திச் சொல்லவும் பழக்கவேண்டும்.

நிலா எழுதவும் எளிது, வாசிக்கவும் எளிது. ஆனால் ஆங்கில எழுத்தில் அதே போல எழுதப்படும் நீலா என்றால் மலாயில் அவுரிச் சாயம். ஒரு துளி நீலாவால் ஒரு பானைப் பாலும் கெட்டுவிடும் என்ற மலாய்ப் பழமொழியைப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் படிப்பார்கள். வகுப்பில் அந்தப் பாடம் நடக்கும் நாளில் நிலா என்ற சிறுமியை நோக்கி முப்பது முகங்கள் திரும்பும் என்று மகளிடம் சொன்னேன். சிங்கப்பூருக்குப் பெயரிட்டதாக மலாய் வரலாற்று மரபு கூறும் அரசனின் பெயர் சாங் நீல உத்தமன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மகள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, நிலாவை வீட்டில் கூப்பிடும் பெயராக வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

செண்பகத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. மலாயில் அதே பூவுக்கு செம்பாக்கா என்று பெயர். இரு சொற்களும் ஒரே வடசொல்லிலிருந்து பிறந்தவை. பாட்டி காலத்துப் பெயர் என்று இளையவர்கள் தயங்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பொருள் கேட்டால் பெற்றோருக்கே சொல்லத் தெரியாத ஒலிச்சேர்க்கைகளைப் புதுமை என்று சூட்டும்போது, நல்ல மணமுள்ள ஒரு பெயரைப் பழசு என்று ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை.

மருமகனின் குறிஞ்சியோடு நான் நெடுநேரம் வாதிட்டேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். மூணாறு மலைச்சரிவுகளில் 2006இலும் பிறகு 2018இலும் பூத்தது. அவ்வளவு அருமையான பூவின் பெயரைத் தாங்குவது பெருமைதான். ஆனால் தன் பெயருக்குரிய பூவைக் காட்டும்படி நான்கு வயதில் பிள்ளை கேட்டால் நாம் கைப்பேசியைத்தான் நீட்டவேண்டும். இயற்கையின் பெயரை வைத்தால் அந்த இயற்கை பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். தான் தொட்டு, முகர்ந்து, தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒன்றின் பெயரே தனக்கும் என்று அறியும் பிள்ளைக்கு யாரும் பொருள் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு முன்வேலியில் முல்லைக்கொடி இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்தபோது லயத்து வாசலிலிருந்து பாட்டி ஒடித்துக் கொண்டுவந்து நட்ட பதியனின் வழி வந்தது அது. மாலையில் அரும்பு விரியும் நேரத்தில் தெருவில் போகிறவர்கள்கூட நடையைத் தளர்த்துவார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் குறிஞ்சியும் சண்பகமும் முல்லையும் மூன்றுமே இருக்கின்றன என்று மருமகனுக்கு எடுத்துக் காட்டினேன். முல்லையைக் கபிலர் ‘கல்லிவர் முல்லை’ என்கிறார். கல்லின் மேல் படரும் முல்லை என்பது அதன் பொருள். எங்கள் முல்லை கம்பிவேலியில் படர்கிறது, அவ்வளவுதான். படரக் கொம்பில்லாத முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் கதையை இவ்வூர்த் தமிழ்ப்பள்ளியில் நானே எத்தனையோ ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மருமகன் அதற்குமேல் மறுக்கவில்லை.

சம்பந்தியம்மாள் நட்சத்திரம் பார்த்துவந்தார். குழந்தை பிறந்தது மகத்தில். அதற்குரிய எழுத்துகள் ம, மி, மு, மெ. முல்லை அதில் அடங்கியதால் அவருக்கும் மனம் நிறைந்தது. தம் தாயாரின் பெயர் விட்டுப்போகக் கூடாது என்று அவர் கேட்டது நியாயமாக இருந்தபடியால், முல்லைச் செண்பகம் என்று இரண்டையும் சேர்த்தோம். எண்கணிதம் பார்ப்பவர் ஒருவர் நடுவே ஆங்கில ஏ எழுத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டால் யோகம் என்றார். பூங்காவனம் பாட்டியின் அலைச்சலைப் பார்த்தவள் என்பதால் அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை.

முல்லையிலும் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு எல் எழுத்தும் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தால் மலாயில் அது தொடங்கு என்னும் பொருளுடைய முலாய் ஆகிவிடும். தமிழிலும் ஓர் எழுத்துக் குறைந்தால் சொல்லே மாறிவிடும். பிறந்த 60 நாட்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பதியவேண்டும் என்பதால், தெளிவான பெரிய எழுத்தில் பெயரை ஒரு தாளில் எழுதி மருமகனின் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் அவர் கோலகங்சார் அலுவலகத்துக்குப் போகிறார். சான்றிதழைக் கையில் வாங்கியதும், முகப்பை விட்டு நகர்வதற்கு முன், குழந்தையின் பெயர், மகள் என்று பொருள்படும் அனாக் பெரம்புவான், அதன்பின் வரும் தந்தையின் பெயர் ஆகியவற்றை எழுத்து எழுத்தாக வாசித்துப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். பிழை இருந்தால் அங்கேயே சொல்வது எளிது. விரைவில் பதியப் போகும் பெற்றோர்களும் அப்படியே செய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.