சாமி ஜெபத்துல இருக்காரு

(வடசென்னையின் கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒன்றில், புனித ஜான் மரிய வியான்னி திருநாள் மாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

பங்குத்தந்தை அவர்களே, உதவிப் பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, அன்பியப் பொறுப்பாளர்களே, பாடகர் குழுப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

குருக்களை வாழ்த்தும் இந்தத் திருநாள், ஆகஸ்ட் 4, வந்தால் நாம் என்ன செய்வோம் என்பது தெரிந்ததுதான். திருப்பலி முடிந்ததும் ஃபாதர் இருவருக்கும் பொன்னாடை, மறைக்கல்விப் பிள்ளைகளின் நடனம், கேக். பொன்னாடையைக் குறை சொல்ல நான் வரவில்லை. இன்று போர்த்தியதில் ஒன்று நானே போய் வாங்கி வந்தது.

'குருக்களின் ஆன்ம வாழ்வை வளர்ப்பதில் நம் பங்கு' என்று பேசச் சொன்னார்கள். கேட்டதும், 'அது அவர் பாடு, ஆயர் பாடு, பூந்தமல்லி குருமடத்தின் பாடு, நமக்கென்ன?' என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்புறம் ஒரு ராத்திரி ஞாபகத்துக்கு வந்தது.

பல வருடங்களுக்கு முன்னால். வேறொரு பங்கு, வேறொரு ஃபாதர். என் பேத்தியின் பள்ளிச் சேர்க்கைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். மறுநாள்தான் கடைசி நாள். வழக்கம்போல் மறந்துவிட்டு, ராத்திரி ஒன்பதரைக்கு ஓடினேன். பங்கு இல்லத்தில் ஃபாதர் இல்லை. கோயிலின் பக்கவாட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே நற்கருணைப் பேழை அருகில் எரியும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு தவிர வேறு வெளிச்சம் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கி இல்லை. கட்டம் போட்ட லுங்கி, அரைக்கைச் சட்டை. மே மாதப் புழுக்கத்தில் ஃபேன்கூடப் போடாமல், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மடியில், குருக்கள் வேளைதோறும் சொல்லும் ஜெபங்கள் அடங்கிய திருப்புகழ்மாலைப் புத்தகம் மூடியபடி இருந்தது.

ஒரு நிமிடம் நின்றேன். அப்புறம் தொண்டையைச் செருமினேன். "ஃபாதர், ஒரே ஒரு கையெழுத்து."

அவர் முகம் சுளிக்கவில்லை. எழுந்து வந்து பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். "சாப்ட்டீங்களா டீச்சர்?" என்று வேறு கேட்டார். நான் ஆட்டோ ஏறும்போது மணி பத்தேகால். அவர் திரும்பவும் கோயிலுக்குள் போனாரா, படுக்கப் போனாரா, தெரியாது.

அன்றைக்கு அவருடைய நாள் எப்படிப் போயிருக்கும் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். காலை ஆறு மணிப் பூசை. அது முடியும் முன்னே வாசலில் மைக் செட்காரர் பாக்கிப் பணத்துக்கு நிற்பார். பள்ளியில் ஒரு பஞ்சாயத்து. மதியம் அடக்கப் பூசை, கல்லறைக்குப் போய் வர இரண்டு மணி நேரம். மாலையில் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல், அதே கையோடு புது வீடு மந்திரிப்பு. வீட்டுக்காரர் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். ராத்திரி பங்குப்பேரவைக் கூட்டம், அதில் இரண்டு கோஷ்டி. இத்தனைக்கும் பிறகு அவருக்கென்று கிடைத்தது அந்தக் கடைசி பெஞ்சு. அதிலும் நான் கையை வைத்தேன்.

குருக்கள் தினமும் திருப்புகழ்மாலை ஜெபிக்க வேண்டும், ஆண்டுதோறும் சில நாள் ஒதுங்கித் தியானத்துக்குப் போக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. அது அவர் கடமை. அதற்கு நேரம் விடுவது யார் கடமை? தியானத்துக்குப் போன ஃபாதருக்குப் போன் போட்டு, "திருவிழாவுக்கு ஜெனரேட்டர் எங்க எடுக்கிறது சாமி?" என்று கேட்ட பங்கு எது என்று நான் சொல்லப் போவதில்லை. சிரிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்றைக்குத் திருநாள் கொண்டாடுகிறோமே, அந்த வியான்னியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1818-ல் பிரான்சில் ஆர்ஸ் என்ற குக்கிராமத்துக்கு வந்தார். மொத்தம் 230 பேர் போல இருந்த ஊர். லத்தீன் தலையில் ஏறாமல் குருமடத்தில் திண்டாடிய மனிதர். பிற்காலத்தில் அவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, அதாவது பாவசங்கீர்த்தனம் செய்ய, ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்கூடப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறார். இதையெல்லாம் ஒவ்வொரு வருடமும் மறையுரையில் கேட்கிறோம். அவர் ஆர்ஸைவிட்டு ஓடிப்போகப் பார்த்தார் என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு தடவை இல்லை, சில தடவை. 1853-ல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவரை ஊரே திரண்டு வழிமறித்துத் திருப்பிக் கொண்டுவந்தது. வேறு வசதியான பங்கு தேடி அவர் ஓடவில்லை. எங்கேயாவது தனிமையில் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. 1929-ல் பங்குத்தந்தையருக்குப் பாதுகாவலராகத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அறிவித்தது இந்த மனிதரைத்தான். அவருக்கே அப்படியென்றால், நம் ஃபாதர்மார் எம்மாத்திரம்?

மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், ஃபாதர் பாவம் செஞ்சா யார்கிட்ட சொல்வாரு?" இன்னொரு ஃபாதரிடம் போய் முழங்கால் போடுவார், உன்னை மாதிரியே, என்றேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். நமக்கும்தான் அந்த ஆச்சரியம் தெளியவில்லை. ஃபாதர் என்றால் ஜெபம் குழாயில் தண்ணீர் மாதிரி வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறோம். சென்னையில் குழாயை நம்பி இருந்தவர்கள் யாராவது உண்டா? 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்றவர்கள்தானே நாம்.

தம் சீடர் திமொத்தேயுவுக்குப் பவுலடிகளார் எழுதும்போது, தாம் அவர்மேல் கைகளை வைத்தபோது அவர் பெற்ற அருள்கொடையைத் தூண்டி எழுப்பச் சொல்கிறார். அது அடுப்படிப் பேச்சு. நீறு பூத்த கங்கை ஊதி எழுப்பும் வேலை. ஒரு தடவை ஊதினால் போதாது, விறகடுப்பு எரித்தவர்களுக்குத் தெரியும்.

ஃபாதர்மாரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மன்னிக்கணும். எல்லாப் பழியும் எங்கள்மேல் இல்லை. சும்மா உட்கார்ந்தால் உள்ளே ஏதோ பேசும் என்று பயந்து வேலைக்குள் ஓடி ஒளிகிற ஃபாதரும் உண்டு. மாதாவுக்குக் குகை மாதிரி கெபி கட்டு, ஆர்ச் கட்டு, ஹால் கட்டு. நாமும் அதற்குத்தான் கை தட்டுகிறோம். 'இந்த ஃபாதர் காலத்துல கட்டினது' என்று சுவருக்குச் சுவர் சலவைக்கல். திருவிழாத் தேர் நிலைக்கு வந்து, ஜனம் கலைந்த பிறகு, ராத்திரி பதினொன்றரைக்கு ஆறிப்போன பிரியாணிப் பொட்டலத்தைத் தனியாகப் பிரிக்கிற ஃபாதரை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பங்கு ஃபாதர் ஒருவர் அந்த நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து கூட உட்கார்ந்தால் அதுவே பாதி தியானம்.

புனித வாரத்தில் சாந்தோம் பேராலயத்தில் திருத்தைலத் திருப்பலி நடக்கும். எண்ணெய்களை மந்திரிக்கும் பூசை என்றுதான் நமக்குத் தெரியும். அதில் குருக்கள் எல்லாரும் எழுந்து நின்று, குருப்பட்டம் பெற்றபோது கொடுத்த திருநிலைப்பாட்டு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பார்கள். அப்புறம் பேராயர் நம்மைப் பார்த்து, உங்கள் குருக்களுக்காக மன்றாடுங்கள் என்பார். அதோடு விடாமல், எனக்காகவும் மன்றாடுங்கள் என்று கேட்பார். ஒரு தடவை போய் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

நம் பங்கில் இந்தத் தவக்காலத்திலிருந்து வியாழன் மாலை ஆறு முதல் ஏழு வரை ஆராதனை வைத்திருக்கிறோம். பாட்டு இல்லை, மைக் இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறோம். ஃபாதரும் வந்து உட்காருகிறார். அவர் போன் அந்த ஒரு மணி நேரம் ஆபீஸ் டிராயரில் இருக்கும். சாகக் கிடக்கிறவர் என்றால் மட்டும் கூப்பிடலாம் என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

போன மாதம் ஒருவர், கோயிலில் வாசிக்கும் கல்யாண ஓலைக்குக் கையெழுத்து வேண்டும் என்று வேகமாக வந்தார். "சாமி ஜெபத்துல இருக்காரு, ஏழு மணிக்கு மேல பாருங்க" என்றார் அண்ணன். வந்தவருக்குக் கோபம். மரத்தடியில் கொஞ்ச நேரம் நடந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். ஏழு மணிக்கு ஃபாதர் எழுந்து ஆபீஸுக்குப் போய்விட்டார். அந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த ஓலையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார்.